தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு உணவு: வீட்டில் கவனிக்க வேண்டியவை

தசைச்சிதைவு உள்ள பிள்ளைக்கு என்ன உணவு கொடுக்கலாம் என்று கேட்கும் பெற்றோரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பிள்ளையின் எடை இப்போது எவ்வளவு, ஆறு மாதத்துக்கு முன்பு எவ்வளவு இருந்தது? இதற்கு விடை தெரியாமல் சொல்லப்படும் எந்த உணவுப் பட்டியலும் பொத்தாம்பொதுவாகவே அமையும். இந்த நோயில் உணவின் வேலை காலத்துக்குக் காலம் மாறுகிறது. ஒன்பது வயதில் இரண்டாம் முறை சோறு கேட்கும்போது வேண்டாம் என்று தடுக்கப்படும் அதே பையன், பதினெட்டு வயதில் இன்னும் ஒரு கரண்டி சாப்பிட மாட்டானா என்று வீட்டார் கவலைப்படும் நிலைக்கு வந்துவிடலாம்.

தசைச்சிதைவு ஒரே நோயன்று. தசைகள் படிப்படியாக வலுவிழந்து சிதையும் பல மரபணுக் கோளாறுகளுக்கான பொதுப்பெயர். இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் டூஷென் வகையை வைத்து. மற்ற வகைகளில் வேறுபடும் இடங்களைப் பின்னால் சொல்கிறேன். டூஷென் வகையில் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுப் பழுதினால் டிஸ்ட்ரோஃபின் என்னும் தசைப்புரதம் உருவாவதில்லை. எந்தக் கீரையும் எந்தக் கஞ்சியும் அந்தப் புரதத்தை உண்டாக்காது. எடையை அளவோடு வைத்திருப்பது, எலும்பைக் காப்பது, மலச்சிக்கலைத் தவிர்ப்பது, புரையேறாமல் விழுங்க வைப்பது ஆகியவையே உணவால் ஆகக்கூடியவை. அவை சிறிய காரியங்கள் அல்ல.

எடையும் உயரமும்

மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஏறத்தாழ ஒரே மாதிரியான உடையில் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நிற்க முடியாத சிறுவனைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டால், அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் தரைத் தராசில் சக்கர நாற்காலியோடு ஏற்றி நிறுத்து, காலி நாற்காலியின் எடையைக் கழிக்கலாம். நாற்காலியின் எடையை ஒருமுறை தனியாக நிறுத்து நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் பிள்ளையை இறக்கி ஏற்றும் வேலை மிச்சம்.

முதுகு வளைந்தவர்களுக்கும் கால் மூட்டுகள் மடங்கி இறுகியவர்களுக்கும் உயரத்தை நேரடியாக அளந்தால் கணக்கு தவறும். முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரையுள்ள நீளத்தை அளந்து அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடும் முறையை மருத்துவமனைகளில் கையாளுகிறார்கள். உங்கள் மருத்துவமனையில் அதைக் கேட்டுப் பெறுங்கள். உயரத்தையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் பிஎம்ஐ எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. தசை குறைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்வதால், எண் இயல்பாக இருக்கும்போதே உடலில் கொழுப்பு கூடுதலாக இருக்கக்கூடும். ‘வயதுக்கேற்ற எடை இல்லை’ என்று பள்ளி மருத்துவ முகாமில் சொன்னார்கள் என்பதற்காக நெய்யும் வெண்ணெயும் கொடுத்து எடையை ஏற்றுவது சரியல்ல.

கல்லீரலுக்கு என்று வைக்கப்படும் பத்தியம்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காய்ச்சலுக்காகவோ வேறு எதற்காகவோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி ஆகிய இரண்டு நொதிகளும் பல மடங்கு கூடியிருப்பதைப் பார்த்து, பிள்ளைக்குக் கல்லீரல் கோளாறு என்று முடிவு கட்டிவிடுவது இந்த நோயில் அடிக்கடி நடக்கிறது. உடனே எண்ணெய் நிறுத்தப்படும், முட்டையும் மீனும் நிறுத்தப்படும், காலையில் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கப்படும், மோர் சாதமும் இட்லியுமாக மாதங்கள் ஓடும். அந்த இரண்டு நொதிகளும் கல்லீரலில் மட்டுமல்லாமல் தசையிலும் இருப்பவை. தசை சிதையும்போது அவை இரத்தத்தில் கலக்கின்றன. தசைநொதியான சிபிகே அளவைப் பார்த்தால் அது ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும். ஜிஜிடி என்னும் இன்னொரு நொதி தசை பாதிப்பால் கூடுவதில்லை; அது இயல்பாக இருந்தால் கல்லீரலின் மேல் பழி போட வேண்டியதில்லை என்பதற்கு அது நல்ல சான்று. நோய் உறுதியான பிறகும் ஒவ்வொரு புதிய மருத்துவரிடமும், ஒவ்வொரு ஆய்வுக்கூடத் தாளைப் பார்க்கும் உறவினரிடமும் இதைச் சொல்ல வேண்டியிருக்கும். வளரும் பிள்ளையிடமிருந்து முட்டையையும் மீனையும் காரணமின்றிப் பறிப்பதைப் போன்ற வீண் பத்தியம் வேறில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. சிறுநீரகத்தை மதிப்பிடப் பார்க்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவர்களுக்கு அது எப்போதும் குறைவாகவே இருக்கும். ஆகவே, ‘கிரியாட்டினின் நார்மல்’ என்ற ஒரு வரியை நம்பிப் புரதப் பொடிகளை அளவின்றிக் கொடுக்கக் கூடாது. சிறுநீரகத்தைப் பற்றி ஐயம் இருந்தால் சிஸ்டாட்டின்-சி பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்டீராய்டு எடுக்கும் ஆண்டுகள்

டூஷென் பையன்களில் பலர் நடமாடும் வயதிலேயே பிரெட்னிசோலோன் அல்லது டெஃப்ளசாகார்ட் என்னும் ஸ்டீராய்டு மருந்தை எடுக்கத் தொடங்குகிறார்கள். அது நடக்கும் காலத்தை நீட்டித் தருகிறது. கூடவே அடங்காத பசியையும் தருகிறது. அந்தப் பசி பேராசையன்று, மருந்தின் விளைவு என்பதை வீட்டில் உள்ள எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். ‘இப்பத்தானே சாப்பிட்டே’ என்று திட்டுவதால் பசி போவதில்லை. பிள்ளை ஒளித்துச் சாப்பிடப் பழகுவான். எடை கூடினால் வலுவிழந்த கால்கள் அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது, பின்னாளில் படுக்கையிலிருந்து கழிப்பறைக்குத் தூக்கும் பெற்றோரின் இடுப்பும் சேர்ந்து தாங்க வேண்டியிருக்கிறது, இரவில் மூச்சு விடுவதும் கடினமாகிறது.

பசியை மறுக்காமல், வயிறு நிறைந்தும் எடை கூடாத உணவைக் கொடுப்பதே வழி. சாப்பாட்டைத் தொடங்கும்போது ஒரு டம்ளர் ரசம் அல்லது காய்கறி சூப். தட்டின் பாதி, தேங்காயும் எண்ணெயும் குறைத்த பொரியல் அல்லது கூட்டு. சோற்றைக் கரண்டியால் கண் போன போக்கில் அள்ளிப் போடாமல் எப்போதும் ஒரே கிண்ணத்தால் அளந்து போடுவது. பருப்போ முட்டையோ மீனோ ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று. பள்ளி விட்டு வரும் மாலை நான்கு மணிதான் மிகக் கடினமான நேரம். அப்போது மேசைமேல் என்ன இருக்கிறதோ அதுதான் வயிற்றுக்குள் போகும். சுண்டல், வெங்காயமும் மாங்காயும் கலந்த பொரி, கொய்யா, வெள்ளரி, அவித்த முட்டை, உப்புக் குறைத்த மோர் ஆகியவற்றில் ஒன்று அவன் வருவதற்கு முன்பே தயாராக இருக்கட்டும். ஒரு பரோட்டாவில் நான்கைந்து இட்லிக்கு உண்டான ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் எதை மாதம் ஒருமுறைக்கு ஒதுக்குவது என்பது தானாகவே விளங்கும். ‘வலிமை தரும்’ என்று விளம்பரப்படுத்தப்படும், பாலில் கலந்து குடிக்கும் பொடிகளில் பெரும்பகுதி சர்க்கரையும் மாவுப்பொருளும்தான். அவற்றுக்கு இந்த வீட்டில் இடம் தேவையில்லை.

வீடு முழுவதும் ஒரே உணவைச் சாப்பிட்டால்தான் இது நிலைக்கும். தங்கை சிப்ஸ் பாக்கெட்டோடு அருகில் அமர்ந்திருக்க, இவனுக்கு மட்டும் வெள்ளரித் துண்டு என்றால் அது தண்டனையாகிவிடும். ‘பாவம், பிள்ளை சாப்பிட்டுட்டுப் போகட்டும்’ என்று முந்தானையில் பிஸ்கட்டை மறைத்துக் கொண்டுவரும் பாட்டியிடம் சண்டை போடுவதைவிட, மாலைச் சுண்டல் தாளிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைப்பது மேல். இரக்கத்துக்கு ஒரு வழி வேண்டும் அல்லவா.

எடையைக் குறைக்கப் பட்டினி போடுவதும், மாவுச்சத்தை அடியோடு நீக்கும் உணவுமுறைகளும் வேண்டாம். தசைக்கையிருப்பு குறைந்த உடல் நீண்ட பட்டினியைத் தாங்காது. அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லும்போதுகூட இந்த நோயைப் பற்றி மயக்க மருத்துவரிடம் சொல்லி, அந்த நேரத்தைச் சுருக்கச் சொல்லுங்கள். வளரும் பிள்ளைக்கு எடை கூடாமல் நிறுத்துவதே பெரும்பாலும் போதுமான இலக்கு.

ஸ்டீராய்டு உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், இரத்த அழுத்தத்தைக் கூட்டும். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, நூடுல்ஸ் மசாலா ஆகியவற்றைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் கொடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். பல மாதங்கள் ஸ்டீராய்டு எடுத்தவரின் உடல் தானாகச் சுரக்க வேண்டிய கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனைச் சுரக்க மறந்திருக்கும். வாந்தி பேதியால் மாத்திரை வயிற்றில் தங்காத நாளில் ஓ.ஆர்.எஸ் கரைசலோடு வீட்டிலேயே சமாளித்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குச் சென்று, ஊசி வழியாக ஸ்டீராய்டு தேவைப்படலாம் என்பதை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும்.

எலும்புக்கு

ஸ்டீராய்டும் நடமாட்டக் குறைவும் சேர்ந்து எலும்பை மெலியச் செய்கின்றன. நாற்காலியிலிருந்து சற்றுச் சரிந்தாலே தொடை எலும்பு முறிந்துவிடுவதும், முதுகெலும்பு ஓசையின்றி நசுங்குவதும் உண்டு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 10 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 850 மில்லிகிராமும், 13 முதல் 15 வயது வரை 1000 மில்லிகிராமும் கால்சியம் தேவை. 200 மில்லி பாலில் ஏறத்தாழ 240, ஐம்பது கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 175, ஒரு கிண்ணம் தயிரில் 120க்கு மேல் கிடைக்கும். இரண்டு டம்ளர் பால், ஒரு வேளை கேழ்வரகு அடையோ கூழோ, மதியம் தயிர், இடையில் முருங்கைக்கீரை என்று வைத்தால் கணக்கு ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது. பாலாடை நீக்கிய பாலில் கால்சியம் குறைவதில்லை என்பதால் எடை கூடும் காலத்தில் அதையே வாங்கலாம். எள்ளில் கால்சியம் மிகுதி; ஆனால் எள்ளுருண்டையில் வெல்லமும் எண்ணெய்ச்சத்தும் உண்டு, ஆகவே எள்ளுப்பொடியாகத் தூவுவது நல்லது. உணவில் போதிய அளவு வந்துவிட்டால் மாத்திரை தேவையில்லை.

வைட்டமின் டி அப்படியல்ல. அது உணவில் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தும் வீட்டுக்குள்ளேயே அடைந்திருப்பவர்களுக்கு அது பற்றாக்குறையாகவே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் அளவு பார்த்து, மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுக்க வேண்டும். 60,000 யூனிட் பொட்டலம் வாரம் ஒன்று, இத்தனை வாரம் என்று எழுதித் தரப்படுவது வழக்கம். அதைத் தினமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டாலோ, சொன்ன வாரங்கள் முடிந்த பிறகும் தொடர்ந்தாலோ இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். மருந்துச் சீட்டில் உள்ள ‘வாரம்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள்.

புரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை: தசை கரைகிறது, ஆகவே புரதத்தைக் கொட்ட வேண்டும் என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. ஆனால் கூடுதல் புரதம் இந்தத் தசையைத் திரும்பக் கட்டுவதில்லை. வயதுக்கு உரிய அளவு மூன்று வேளையும் பிரிந்து வந்தால் போதும். கிரியாட்டின் என்னும் துணைப்பொருள் தசை வலுவைச் சிறிதளவு கூட்டுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடப்படாத லேகியங்களையும் சூரணங்களையும், அவற்றை யார் சிபாரிசு செய்தாலும், தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீரும் மலச்சிக்கலும்

சக்கர நாற்காலியில் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகும் பலர் காலையிலிருந்து மாலைவரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மறதியோ சோம்பலோ அல்ல. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போக வேண்டுமென்றால் இன்னொருவர் தூக்கிவிட வேண்டும். வயிற்றுத் தசைகளும் வலுவிழந்திருக்க, தண்ணீரும் இல்லாவிட்டால் மலம் கல்லாக இறுகிவிடுகிறது. இதற்குக் கீரையும் வாழைத்தண்டும் கொடுத்துப் பயனில்லை. நீரின்றி நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் அடைப்பு இன்னும் மோசமாகும். ஆண்களுக்கு நாற்காலியிலேயே பயன்படுத்தும் சிறுநீர்க் குடுவைக்கும், ஒதுக்குப்புறமான ஓர் இடத்துக்கும் பள்ளியில் ஏற்பாடு செய்வதுதான் முதல் மருந்து. அதன் பிறகு காலையில் வெதுவெதுப்பான தண்ணீர், பகலில் நேரம் குறித்துத் தண்ணீர், பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை, உணவு முடிந்த கையோடு கால்கள் தொங்காமல் பலகையில் ஊன்றியபடி கழிப்பறையில் அமர்த்துவது. இவ்வளவுக்கும் மசியாவிட்டால் மருத்துவர் தரும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

கை எட்டாதபோதும் விழுங்க முடியாதபோதும்

தோள் வலுவிழக்கும்போது தட்டிலிருந்து வாய்வரை கை உயராது. அந்தக் கட்டத்தில் ஊட்டிவிடத் தொடங்குவதற்கு முன், தட்டை உயர்த்திப் பாருங்கள். நெஞ்சு உயரத்துக்கு மேசையை ஏற்றி, முழங்கையை மேசை மேல் ஊன்றினால் முன்கை மட்டும் அசைந்தாலே உணவு வாய்க்குப் போய்விடும். கனமான எவர்சில்வர் டம்ளருக்குப் பதில் எடை குறைந்த கோப்பையும் நீண்ட உறிஞ்சு குழாயும், கனம் குறைந்த கரண்டியும் இதற்கு உதவும். தானே சாப்பிடுகிறவன் தன் வேகத்தில் சாப்பிடுகிறான். அதனால் புரையேறுவதும் குறைகிறது.

டூஷென் வகையில் மெல்லும் தசைகள் தளர்வதோடு நாக்கும் பெருத்துவிடுவதுண்டு. ஒரு வேளைச் சாப்பாடு அரை மணி நேரத்துக்கு மேல் நீள்வது, உண்ணும்போது இருமுவது, சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, தொண்டையில் ஏதோ நிற்கிறது என்று சொல்வது, அடிக்கடி சளிக்காய்ச்சல் வருவது, காரணமின்றி எடை இறங்குவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வழியாக விழுங்குவதைப் படம்பிடிக்கும் சோதனை பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. இருமும் வலுவும் குறைந்திருப்பதால், இவர்களுக்குப் புரையேறியது வெளியே வருவது கடினம்.

நோயாளிக்கு ஏற்றது என்று நாம் கருதும் ரசம் சாதம் இந்த இடத்தில் சிக்கலானது. தண்ணீராக ஓடும் ரசமும் தனித்து நிற்கும் பருக்கையும் ஒரே வாயில் சேரும்போது, ஒன்று முந்திச் செல்ல மற்றொன்று பின்தங்கும். தளர்ந்த தொண்டைக்கு அது பெரும் குழப்பம். பருப்பும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்த சாதம், கெட்டித் தயிரில் மசித்த சாதம், வெண்பொங்கல், முள் நீக்கி உதிர்த்துக் குழம்போடு பிசைந்த மீன், நன்றாகக் கடைந்த கீரை மசியல், கனிந்த வாழைப்பழம், இளநீர் வழுக்கை போன்றவை ஒரே பதத்தில் உள்ளவை என்பதால் எளிதில் இறங்கும். உதிரும் புட்டு, முறுக்கு, வறுகடலை, முழுத் திராட்சை, நார் நீக்காத கீரைத்தண்டு, பிசுபிசுக்கும் ரொட்டி ஆகியவை வேண்டாம். டூஷென் வகையில் திட உணவின் மிச்சம் தொண்டையில் தங்குவதுதான் பெரும்பாலும் தொல்லை. தண்ணீர் புரையேறாதவர்களுக்கு, சாப்பிட்டு முடித்ததும் சில வாய்த் தண்ணீர் கொடுத்தால் அந்த மிச்சம் கழுவி இறங்கும். நிமிர்ந்து அமர்த்தி, முகவாயைச் சற்றே தாழ்த்தி உண்ணச் செய்யுங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

எடை இறங்கும் இந்தக் கட்டத்தில் முன்பு சொன்னதெல்லாம் தலைகீழாகிறது. சிறிய அளவுக்குள் அதிக ஆற்றலை அடக்க வேண்டும்: கஞ்சியில் நெய், குருமாவில் கெட்டித் தேங்காய்ப்பால், பாலில் பால்பவுடர், சட்னியில் நைசாக அரைத்த வேர்க்கடலை, மூன்று வேளைக்குப் பதில் ஐந்தாறு சிறு வேளைகள். காலையில் தலைவலியும் பசியின்மையும் சேர்ந்து வந்தால் அது சமையலின் குறையாக இல்லாமல், இரவில் மூச்சு போதாமையின் அறிகுறியாக இருக்கலாம். நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுக்கருவியின் முகமூடியால் காற்றை விழுங்கி வயிறு உப்புவதும் பசியைக் கெடுக்கும்.

இதய மருந்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன், எப்லெரினோன் ஆகியவை இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. சத்துக்கு என்று தினமும் இரண்டு மூன்று இளநீர் கொடுப்பதும், ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படும் பொட்டாசியம் கலந்த உப்பைச் சமையலில் சேர்ப்பதும் அப்போது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்டு, இரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்த்து அளவு வகுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு வரும் மயோடோனிக் வகையில் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பும் பித்தப்பைக் கற்களும் குடல் கோளாறுகளும் கூடுதல்; அங்கே இனிப்பையும் கொழுப்பையும் முதலிலிருந்தே கட்டுக்குள் வைக்க வேண்டும். கண்ணிமை தொங்கி, நடு வயதில் விழுங்கும் சிரமத்தோடு தொடங்கும் வகையும் உண்டு. அவர்களுக்கு நடை நன்றாக இருக்கும்போதே உணவின் பதத்தை மாற்ற நேரும்.

வாய்வழி உணவு போதாமல் எடை தொடர்ந்து இறங்கினால், வயிற்றின் மேல் சிறு துளையிட்டுக் குழாய் பொருத்துவதைப் பற்றி மருத்துவர் பேசுவார். குடும்பங்கள் இதைக் கடைசிக் கட்டம் என்று நினைத்துத் தள்ளிப்போடுகின்றன. நுரையீரல் ஓரளவு வலுவோடு இருக்கும்போதே செய்துகொண்டால் மயக்க மருந்தின் ஆபத்து குறைவு என்பதால், என் கருத்தில் அந்தப் பேச்சை எடை சரியத் தொடங்கும்போதே எடுத்துவிட வேண்டும். குழாய் வைத்த பிறகும், விழுங்கும் பரிசோதனையில் பாதுகாப்பானது என்று தெரிந்த பதத்தில் பிடித்ததை வாயால் ருசிக்கலாம். குழாயில் செலுத்தும் உணவின் அளவை உணவியல் நிபுணர் வகுத்துத் தருவார். வீட்டுக் கஞ்சிக்கு அவர் ஒப்புக்கொண்டால், அதைத் துணியில் இருமுறை வடிகட்டி, ஆறினால் கெட்டிப்படும் என்பதால் நீர்க்கவே காய்ச்ச வேண்டும். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொடித்து நீரில் கரைத்துச் செலுத்துங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது என்பதால் மருந்தாளுநரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் உணவுக்கு முன்பும் பின்பும் மருத்துவமனையில் சொன்ன அளவு தண்ணீரை ஊசிக்குழாயால் செலுத்திக் குழாயைக் கழுவிவிட்டால் அடைப்பு வராது.